நாளை முதல் தியேட்டர் ட்யூட்டி: புது நர்ஸ்கள் கேட்ட கேள்விகள்

ஆபரேஷன் தியேட்டரில் புதிதாகச் சேரப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

கேள்வி: சேர்வதற்கு முன்பே தியேட்டரைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு ட்ரேயைத் திறந்ததுமே தலை சுற்றிவிட்டது. அத்தனை கருவிகளின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால், படத்தில் பார்த்தது கைக்கு வரும்போது வேறு மாதிரி தெரியும். அதற்குப் பதிலாக வேலையை வைத்துப் பிரியுங்கள். ட்ரே எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உள்ளே இருப்பவை வெட்டுகின்றன, ரத்தக்குழாயைக் கவ்வி அடைக்கின்றன, திசுவைப் பிடிக்கின்றன, காயத்தை விலக்கிக் கொடுக்கின்றன, தைக்க உதவுகின்றன. அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் "இது இதில் எந்த வேலை?" என்று முதலில் கேளுங்கள், பெயர் பின்னாலேயே வரும்.

அடுத்து, ஏன் என்று கேளுங்கள். திசுவைப் பிடிக்கும் கருவிகளான ஆலிஸுக்கும் பாப்காக்குக்கும் தூரத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நுனியைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து பாருங்கள். ஆலிஸின் நுனியில் பொடிப் பற்கள் இருக்கும். அது கடித்துப் பிடிக்கும். அதனால் கெட்டியான திசுவுக்கோ, எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் திசுவுக்கோ போகும். பாப்காக்கின் நுனி வளைந்து, வழவழப்பாக இருக்கும். குடல் மாதிரி மென்மையானதைக் காயப்படுத்தாமல் பிடிக்கும். இதை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தவர் மாற்றிக் கொடுக்கவே மாட்டார். கத்தரியும் அப்படித்தான். மெட்ஸன்பாம் மெல்லிய திசுவுக்கு. நூல் வெட்ட மேயோ. மெட்ஸன்பாமால் நூல் வெட்டினால் அதன் கூர் போய்விடும்.

பிளேடில் 10, 11, 15 ஆகியவை 3ஆம் நம்பர் கைப்பிடிக்கு. 20, 21, 22 ஆகியவை 4ஆம் நம்பருக்கு. பிளேடை விரலால் மாட்டாதீர்கள், நீடில் ஹோல்டரால் (தையல் ஊசியைப் பிடிக்கும் கருவி) பிடித்து மாட்டுங்கள். நூலில் பூஜ்யம் கூடக்கூடத் தடிமன் குறையும்: 2-0 நூலைவிட 4-0 மெல்லியது. பூஜ்யமே இல்லாத 1ஆம் நம்பர் இரண்டையும்விடத் தடிமன். புதியவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

ஒரு யோசனை. கருவிகளைக் கழுவிப் பேக் செய்யும் அறையில் இரண்டு நாள் நிற்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, திறந்து மூடி, பட்டியலோடு சரிபார்த்து அடுக்கும்போது கை கற்றுக்கொள்வதைப் புத்தகம் கற்றுத் தராது. எனக்குப் பெயர்கள் பழகியது அங்கேதான்.

கேள்வி: முதல் நாள் எப்படித் தயாராகிப் போவது?

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பாலிஷ், ஒட்டு நகம் எதுவும் கூடாது. மோதிரம், வாட்ச், வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். முன்பக்கம் மூடிய, வழுக்காத, கழுவ முடிகிற செருப்பு. ஒரு குட்டி நோட்டு. அதில் ஒவ்வொரு சர்ஜனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கையுறை சைஸ், எந்த நூல் கேட்பார், இடது கையால் வேலை செய்பவரா. மூன்று மாதத்தில் அந்த நோட்டு விலைமதிக்க முடியாததாகிவிடும்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்துப் பழக்கம்தான். ஆனால் தியேட்டருக்குள் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, சர்ஜன்கள் உட்பட. ரத்தம் மட்டும் காரணமில்லை. அசையாமல் நிற்பது, மாஸ்க்குக்குள் சூடான மூச்சு, காட்டரி (மின்சாரத்தால் திசுவைச் சுடும் கருவி) புகையின் வாசனை, வெறும் வயிறு எல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள்; கால் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். காது அடைப்பது, வியர்ப்பது, கண் இருட்டுவது என்று ஏதாவது தொடங்கினால் சமாளித்துவிடலாம் என்று நிற்காதீர்கள். "எனக்குத் தலை சுற்றுகிறது" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மேசையை விட்டுப் பின்னால் வந்து தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்தவரை யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

கேள்வி: பயிற்சியின்போது என் கையுறை எதிலோ பட்டது மாதிரி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நிச்சயமாகத் தெரியாததால் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

உறுத்துவது நல்லது. அந்த உறுத்தல்தான் தியேட்டர் நர்ஸுக்கு முதல் தகுதி.

விதியைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கவுனில் முன்பக்கம் மார்பிலிருந்து மேசை மட்டம் வரை, கையில் முழங்கைக்குச் சற்று மேலிருந்து விரல் நுனி வரை. இது மட்டுமே ஸ்டெரைல், அதாவது கிருமி இல்லாதது. முதுகு, அக்குள், இடுப்புக்குக் கீழே எதுவும் கணக்கில் இல்லை. ட்ராலியில் மேல்பரப்பு மட்டும்தான். விளிம்புக்குக் கீழே தொங்கும் துணி இல்லை. இதற்கு மேல் ஒரே விதி: சந்தேகம் வந்தால் அது அசுத்தம். "பட்டதா, படவில்லையா" என்று வாதாட அங்கே இடமில்லை.

நான் ஸ்க்ரப் ஆக, அதாவது கை கழுவி, கவுன் போட்டு, சர்ஜனுக்குக் கருவி எடுத்துக்கொடுக்கத் தொடங்கிய மாதம் ஒரு வயிற்று அறுவை நடந்துகொண்டிருந்தது. ஒரு கருவியை எடுக்கத் திரும்பியபோது, வலது கை சுண்டுவிரலின் பின்பக்கம் ட்ராலியின் ஓரத்துக்குக் கீழே எதையோ லேசாக உரசியது. எல்லோரும் காயத்தின் மேல் குனிந்திருந்தார்கள். மூன்று நொடி இருக்கும், அந்த மூன்று நொடியில் மனசு என்னென்ன காரணம் சொல்லும் தெரியுமா? துணிமேல்தான் பட்டது, ரொம்ப லேசாகத்தான் பட்டது, இப்போது நிறுத்தினால் திட்டு விழும். "டாக்டர், என் கையுறை அசுத்தமாகிவிட்டது" என்று சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. "மாத்திக்கோங்க" என்றார். அவ்வளவுதான். கையுறை மாற்ற ஒரு நிமிடம் ஆகவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சுண்டுவிரல் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாது.

நடந்தது நடந்துவிட்டது. அன்று உங்களுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டரிடம் இப்போதாவது சொல்லுங்கள். அடுத்த முறை வாய் தானாகத் திறக்கும்.

கேள்வி: கவுண்ட் எடுப்பதில் தப்பு வந்தால் என்ன செய்வது? சர்ஜன் மூட ஆரம்பித்துவிட்டால் எப்படி நிறுத்துவது?

கவுண்ட் என்றால் மாப் (ரத்தத்தை ஒற்றும் துணி), ஊசி, கருவி எல்லாம் கணக்குப்படி இருக்கிறதா என்று எண்ணுவது. வெட்டுவதற்கு முன், உடலின் உள்ளறையை மூடுவதற்கு முன், தோலை மூடுவதற்கு முன், நடுவில் ஆள் மாறும்போது: இவை எந்த மருத்துவமனையிலும் கவுண்ட் எடுக்க வேண்டிய நேரங்கள். நடுவில் புது பாக்கெட் திறந்தால் அதையும் அப்போதே எண்ணிப் பலகையில் எழுத வேண்டும். இரண்டு பேர், ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ண வேண்டும். "பாக்கெட்டில் பத்து இருக்கும்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது இருந்த பாக்கெட்டையும் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் தெரியும் இழை உள்ள மாப்பை மட்டும் உள்ளே கொடுங்கள், எதற்காகவும் அதை இரண்டாக வெட்டாதீர்கள்.

கணக்கு இடித்தால் உடனே, கேட்கும்படி, எண்ணோடு சொல்லுங்கள்: "டாக்டர், ஒரு மாப் குறைகிறது." மெதுவாக, தனக்குள் முனகுவது மாதிரி சொல்வதுதான் ஆபத்து. பிறகு நீங்கள் ட்ராலியையும் துணி மடிப்பையும் தேடுங்கள். சர்க்குலேட்டிங் நர்ஸ் (ஸ்க்ரப் ஆகாமல் அறையைப் பார்த்துக்கொள்பவர்) வாளி, தரை, அழுக்குத் துணி, செருப்பு அடி வரை தேடுவார். சர்ஜன் காயத்துக்குள் கைவிட்டுத் தேடுவார். கிடைக்கவில்லை என்றால் நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் எக்ஸ்ரே.

ஒருமுறை நான் இப்படிச் சொன்னபோது "உள்ளே எதுவும் இல்லை, நீங்கள் சரியாக எண்ணவில்லை" என்று பதில் வந்தது. மறுபடி எண்ணினோம். மறுபடி ஒன்று குறைந்தது. மறுபடி சொன்னேன். மூன்றாவது தேடலில், குடலுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த மாப் வெளியே வந்தது. ரத்தத்தில் ஊறிய மாப்பும் அதைச் சுற்றி இருக்கும் திசுவும் ஒரே நிறம். கண் ஏமாந்துபோகும், எண் ஏமாறாது. இரண்டாம் முறை சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. நடுங்கினால் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் ஆண் நர்ஸ். சர்ஜன் சத்தம் போட்டால் எனக்குக் கை ஓடாது. எப்படிச் சமாளிப்பது?

தம்பி, இரண்டு விதச் சத்தம் உண்டு. ரத்தம் பீறிடும்போது வரும் சத்தம் அவசரத்தின் சத்தம்; அது உங்களைப் பற்றியது இல்லை. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்காமல் காயத்தைப் பாருங்கள். அங்கே நடப்பதைப் பார்த்தாலே அடுத்து சக்‌ஷனா, கிளாம்ப்பா, நூலா என்று பாதி தெரிந்துவிடும். கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிக் கொடுங்கள்: "டூ-ஓ விக்ரில்" (2-0 அளவில் விக்ரில் என்ற தையல் நூல்). காது தவறாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபடும், உங்கள் பதற்றமும் கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்று ஆளை அவமானப்படுத்தும் சத்தம். அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். கேஸ் முடிந்ததும் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி இன்சார்ஜிடம் கொடுங்கள். பயந்த நர்ஸ் கவுண்ட் குறைவதைச் சொல்லத் தயங்குவார்; அதனால் இது உங்கள் மனவருத்தத்தோடு நிற்கும் விஷயமில்லை.

கேள்வி: பாதுகாப்பு செக்லிஸ்ட் வெறும் சடங்கு என்று சீனியர் ஒருவர் சொன்னார். உண்மையா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பட்டியல் அது. 19 அம்சங்கள், மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்துக்கு முன், வெட்டுவதற்கு முன், நோயாளியை வெளியே அனுப்புவதற்கு முன். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. ஆனால் யாரும் நிற்காமல், கேஸ் முடிந்தபின் மொத்தமாக டிக் போட்டால் அது சடங்குதான். அந்த அளவில் உங்கள் சீனியர் பார்த்தது பொய்யாக இருக்காது.

அதில் எனக்குப் பிடித்த அம்சம், குழுவில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. புதியவர்கள் வெட்கப்பட்டு விழுங்கிவிடாதீர்கள். ஆரம்பத்தில் ஒருமுறை வாய் திறந்தவருக்கு, நடுவில் "நில்லுங்கள்" என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

கேள்வி: இரண்டு மாதமாக எனக்கு சர்க்குலேட்டிங் வேலை மட்டும்தான் தருகிறார்கள். எடுத்துக்கொடுக்க ஓடுவதுதானே அது?

ஸ்க்ரப் நர்ஸுக்குத் தன் ட்ராலிதான் உலகம். அறை முழுவதும் உங்களுடையது. தோலில் பூசிய ஸ்பிரிட் கலந்த மருந்து காயக் குறைந்தது மூன்று நிமிடம் விட வேண்டும். முதுகுக்கு அடியில் அது வழிந்து தேங்கியிருந்தால் காட்டரியின் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க. அதைப் பார்க்க வேண்டியது நீங்கள். காட்டரி பிளேட்டை (மின்சாரம் உடலிலிருந்து திரும்பிப் போக ஒட்டும் தகடு) எலும்பு மேடு, தழும்பு, முடி, உள்ளே உலோகம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் தவிர்த்துத் தசைப்பிடிப்பான இடத்தில் ஒட்ட வேண்டும். கதவு அநாவசியமாகத் திறக்காமல் பார்த்துக்கொள்வதும் நீங்கள்தான்.

அப்புறம் சாம்பிள். பயாப்ஸிக்கு ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றுவோம். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்க) போவதிலோ, ஃப்ரோஸன் செக்‌ஷனுக்கு (உறையவைத்து உடனே பரிசோதிக்க) போவதிலோ ஊற்றினால் அது வீண். திரும்ப வெட்டி எடுக்க முடியாத துண்டாகவும் இருக்கலாம். டப்பாவைத் திறக்கும் முன் "எதற்கு அனுப்புகிறோம்?" என்று சர்ஜனிடம் கேட்டு, லேபிளை வாசித்துக் காட்டுங்கள். பெயரை மூடியில் ஒட்டாமல் டப்பாவில் ஒட்டுங்கள்.

கேள்வி: ஊசி குத்திவிட்டால்?

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். உடனே தெரிவியுங்கள், ட்யூட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள். 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கூரான எதையும் கைக்குக் கை கொடுக்காமல் கிண்ணத்தில் வைத்து நகர்த்தும் பழக்கத்தை முதல் நாளே தொடங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி: ஸ்க்ரப் செய்து செய்து கை வெடிக்கிறது. இதற்காக வேலையை விட வேண்டியிருக்குமா?

உங்கள் கேள்விக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. 1889 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கேரலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸுக்குக் கிருமிநாசினியால் கை புண்ணாகிப்போனது. அவருக்காகத்தான் சர்ஜன் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். நாம் இன்று போடும் கையுறையின் தொடக்கம் ஒரு நர்ஸின் வெடித்த கைதான்.

பிரஷால் தோலைத் தேய்க்காதீர்கள். பிரஷ் நகத்துக்கு மட்டும். கை நன்றாகக் காய்ந்தபின் கையுறை போடுங்கள். ட்யூட்டி முடிந்ததும் க்ரீம் தடவுங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் லேட்டக்ஸ் ஒவ்வாமையா என்று பரிசோதியுங்கள். லேட்டக்ஸ் இல்லாத கையுறை இருக்கிறது. திறந்த வெடிப்பு இருக்கும் நாளில் ஸ்க்ரப் ஆகாதீர்கள். அதையும் சொல்லிவிட்டு சர்க்குலேட்டிங் கேளுங்கள்.

கேள்வி: வார்டில் நோயாளிகளோடு பேசுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. தியேட்டரில் எல்லோரும் மயக்கத்தில்தானே இருப்பார்கள்?

பேசக் கிடைப்பது பத்து நிமிடம். ஆனால் அவருடைய வாழ்க்கையிலேயே அதிகப் பயம் உள்ள பத்து நிமிடம் அது. மேசையில் படுத்தவருக்குத் தெரிவது மேலே இருக்கும் விளக்கும், மாஸ்க் போட்ட முகங்களும்தான். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். குளிரும், கேட்கும்முன் போர்த்துங்கள். தொடைமேல் பெல்ட் கட்டும்போது "விழாமல் இருக்க ஒரு பெல்ட் போடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். சொல்லாமல் கட்டினால் திடுக்கிடுவார்கள். மயக்க மருந்து ஏறும்போது ட்ரே சத்தம், பேச்சு எல்லாம் நிற்கட்டும். நீங்கள் அவர் தலைப்பக்கம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடி தளரும் வரை விடாதீர்கள்.