கிளேர் சீமாட்டி எலிசபெத் டி பர்க்: உறவுகளைத் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

எலிசபெத் டி பர்க் (1295–1360) இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் மகள் வழிப் பேத்தி. மூன்று முறை மணந்து, 26 வயதிலேயே மூன்றாம் முறையாக விதவையானவர். கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரி இவருடைய கொடையால் நிலைபெற்றது. இவருடைய குடும்பத்தைத் தேடும் வழி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் ஸ்காட்லாந்து ராணி என்று வருகிறது. அவரும் இவரும் ஒருவரா?

இல்லை. அதே நூற்றாண்டில் இந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவி. அயர்லாந்திலுள்ள அல்ஸ்டரின் பிரபு ரிச்சர்ட் டி பர்கின் மகள், 1327-இல் இறந்தார். இரண்டாமவர் நம் சீமாட்டி. பிறந்த வீட்டில் இவர் டி கிளேர். அல்ஸ்டர் பிரபுவின் மகன் ஜானை மணந்ததால் டி பர்க் ஆனார். ஆக, ஸ்காட்லாந்து ராணி இவருக்கு நாத்தனார். மூன்றாமவர் இவருடைய மகன் வழிப் பேத்தி (1332–1363). இணையத்தில் உள்ள வம்ச மரங்களில் இந்த மூவரின் தேதிகளும் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடாதீர்கள். கணவர் பெயர், இறந்த ஆண்டு, கையிலிருந்த நிலம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

கேள்வி: பிறப்புப் பதிவேடு இல்லாத காலத்தில் யார் யாருக்கு மகள் என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்?

இங்கிலாந்தில் சர்ச் ஞானஸ்நானப் பதிவேடுகள் 1538-இல்தான் கட்டாயமாயின. அதற்கு முன்னால் நமக்குக் கைகொடுப்பது நிலம். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்தால், எஸ்சீட்டர் என்ற அரசு அதிகாரி ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம்) உள்ளூர்க்காரர்களை ஜூரியாகக் கூட்டி விசாரிப்பார். என்ன நிலம், ஆண்டு மதிப்பு எவ்வளவு, என்று இறந்தார், நெருங்கிய வாரிசு யார், வாரிசின் வயது என்ன என்று ஜூரி சத்தியம் செய்து சொல்லும். இதற்கு இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம் என்று பெயர்; நான் வாரிசு விசாரணை என்று சொல்வது இதைத்தான். 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன.

வயதில் கவனமாக இருங்கள். "30 வயதும் அதற்கு மேலும்" என்று எழுதியிருந்தால், மேஜர் ஆகிவிட்டார் என்பதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம். ஆனால் மைனர் வாரிசு வளர்ந்து நிலத்தைக் கேட்கும்போது வயதுச் சான்று விசாரணை தனியாக நடக்கும். அந்தக் குழந்தை பிறந்த வாரத்தில்தான் என் மகனுக்குப் பெயர் வைத்தோம், அப்போதுதான் என் வீடு எரிந்தது என்று சாட்சிகள் சொல்வார்கள். பல சாட்சியங்களில் ஒரே வாசகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் அப்படியே நம்ப முடியாது. இருந்தாலும் சாதாரண மனிதர்களின் குரல் கேட்கும் அந்த ஆவணங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேள்வி: அண்ணன் இருந்தும் அப்பாவின் சொத்து இவருக்கு எப்படி வந்தது?

அண்ணன் கில்பர்ட் 1314 ஜூனில், புரூஸின் ஸ்காட்லாந்துப் படைக்கு எதிரான பானக்பர்ன் போரில் பிள்ளையில்லாமல் இறந்தார். இந்த இடத்தில் உறவுமுறையைக் கவனியுங்கள். 1308-இல் கிளேர் வீடும் டி பர்க் வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தன. எலிசபெத் ஜானை மணந்தார், கில்பர்ட் ஜானின் சகோதரி மாடை மணந்தார். மாடின் இன்னொரு சகோதரிதான் புரூஸின் மனைவி. பானக்பர்னில் கில்பர்ட் எதிர்த்து நின்றது தன் சொந்தச் சகலையை!

கில்பர்ட் இறந்ததும் மாட் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். குழந்தை பிறந்தால் அதுதான் வாரிசு என்பதால் பங்கீடு நின்றுபோனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதையே சொல்லி இழுத்தடித்தார்கள். 1317-இல்தான் எலினார், மார்கரெட், எலிசபெத் என்ற மூன்று சகோதரிகளுக்கும் சமமாகப் பிரிந்தது. ஆண் வாரிசு இருந்தால் மூத்தவருக்கே எல்லாம். பெண்கள் மட்டும் என்றால் சம பங்கு. அன்றைய சட்டம் அதுதான்.

கேள்வி: தந்தைக்கு முதல் மனைவியிடமும் இரண்டு மகள்கள் உண்டே? அவர்களுக்குப் பங்கு இல்லையா?

அருமையான கேள்வி. ஆலிஸ் டி லுசின்யனுடனான முதல் திருமணம் ரத்தானது. 1290-இல் மன்னர் மகள் ஜோனை மணக்கும்போது தந்தை தன் நிலங்களை மன்னரிடம் ஒப்படைத்து, தனக்கும் ஜோனுக்கும் சேர்த்துத் திரும்பப் பெற்றார். வாரிசுரிமை ஜோனின் பிள்ளைகளுக்குப் போனது இப்படித்தான். திருமண ஒப்பந்தத்தைப் பார்க்காமல் வாரிசு விசாரணையை மட்டும் பார்த்தால் இந்த மூத்த மகள்கள் இருந்ததே தெரியாது. ஆவணத்தில் பெயர் இல்லை என்பதற்காக அப்படி ஒருவர் பிறக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று கணவர்களின் குழந்தைகளை எப்படிப் பிரித்தறிவது அக்கா?

ஒவ்வொரு குழந்தையும் தன் தந்தையின் நிலத்தைப் பின்தொடரும். ஜான் டி பர்கின் மகன் வில்லியம் அல்ஸ்டர் பிரபு ஆனார். இரண்டாம் கணவர் தியோபால்ட் டி வெர்டன் 1316-இல் எலிசபெத்தை பிரிஸ்டல் கோட்டையிலிருந்து கடத்திப்போய் மணந்தவர். ஆறு மாதத்தில் இறந்தார். மகள் இசபெல்லா 1317 மார்ச்சில், தந்தை இறந்த பிறகு பிறந்தாள். தியோபால்டின் முதல் மனைவிக்கு ஏற்கெனவே மூன்று மகள்கள். இந்தக் குழந்தை பிறந்ததும் வெர்டன் நிலம் நான்கு பங்கானது. மூன்றாம் கணவர் ரோஜர் டாமோரியின் மகள் எலிசபெத், பார்டால்ஃப் வீட்டுக்கு மருமகளாகப் போனார்.

கேள்வி: குடும்பத்துக்குள் சண்டை நடந்ததற்கு ஆவணம் உண்டா?

உண்டு, அதுவும் அவர் தரப்பிலிருந்தே. அக்காள் எலினாரின் கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சர், அன்றைய மன்னர் இரண்டாம் எட்வர்டின் செல்லப்பிள்ளை. 1322-இல் டாமோரி மன்னருக்கு எதிரான கலகத்தில் இறந்ததும் எலிசபெத்தை பார்க்கிங் மடத்தில் அடைத்துவைத்து, வேல்ஸில் இருந்த உஸ்க் நிலத்தை எழுதி வாங்கினார்கள். பதிலுக்குக் கொடுத்த கோவர் நிலத்தையும் பிறகு இழந்தார். 1326-இல், டெஸ்பென்சர் அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோதே, இவை தன்னிடம் மிரட்டி வாங்கப்பட்டவை என்று ரகசியமாக ஒரு வாக்குமூலம் எழுதிவைத்தார். வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதே ஆண்டு டெஸ்பென்சர் தூக்கிலிடப்பட்டார், உஸ்க் திரும்பி வந்தது. அந்தக் காலத்துப் பெண் ஒருவர் தன் உறவினர் செய்த அநியாயத்தைத் தன் தரப்பிலிருந்து பதிவு செய்தது அரிது. வம்ச மரம் வரைபவர்கள் இதை ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம்.

கேள்வி: இவருடைய வம்சம் எங்கே போய்ச் சேர்ந்தது?

மகன் வில்லியம் 1333-இல் அயர்லாந்தில் கொல்லப்பட்டார். அவருடைய ஒரே மகள் (முதல் பதிலில் சொன்ன மூன்றாமவர்), மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலை மணந்தார். கிளேர் நிலம் அவர்களிடம் போனது. லயனலின் கிளாரன்ஸ் பட்டம் அதிலிருந்து வந்ததே. அவர்களின் மகள் ஃபிலிப்பா மார்டிமர் வீட்டுக்குப் போனார், அந்த வழியில் வந்தவர் நான்காம் எட்வர்டு மன்னர். இன்னொரு பக்கம், இசபெல்லா டி வெர்டன் கிரோபியின் ஃபெரர்ஸ் வீட்டில் வாழ்க்கைப்பட்டார். அந்த வழியில் வந்தவர் ஜான் கிரே. எலிசபெத் வுட்வில் முதலில் ஜான் கிரேயையும், பிறகு நான்காம் எட்வர்டையும் மணந்தார். அவருடைய இரண்டு கணவர்களுமே நம் சீமாட்டியின் வம்சம்.

கேள்வி: லத்தீன் தெரியாது. எங்கே தொடங்கலாம்?

வாரிசு விசாரணைகளுக்கும், மன்னர் அலுவலகத்தின் பேட்டன்ட், குளோஸ், ஃபைன் ரோல்கள் என்ற பதிவுச் சுருள்களுக்கும் ஆங்கிலச் சுருக்கங்கள் அச்சில் உள்ளன. பல தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மூலங்கள் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எலிசபெத்தின் வீட்டுக் கணக்குச் சுருள்களும் அங்கேதான். வாரிசு விசாரணையில் வராத உறவுகள் அந்தக் கணக்குகளில் விருந்தாளிகளாக வந்து போவார்கள். அதன் பிறகு 1355-இல் அவர் பிரெஞ்சில் எழுதிய உயிலைப் பாருங்கள். யாருக்கு என்ன கொடுத்தார் என்பதில் உறவின் நெருக்கம் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஹெரால்டுகளின் (குலச்சின்னங்களைக் கவனித்த அதிகாரிகள்) வம்சப் பட்டியல்களைக் கடைசியாகத் திறந்து பாருங்கள். அவை அந்தந்தக் குடும்பங்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவை. 1300-களுக்கு அவற்றைத் தனிச் சான்றாக நான் ஏற்பதில்லை.