ஜீப் பழுதுகள்: கேள்வி பதில்

தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் கொழும்பில் பல குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஜீப்புகளையே இன்றும் பேணி வருகின்றன. இங்குள்ள கேள்விகள் எல்லாம் அத்தகைய வண்டிகளைப் பற்றியவை.

கேள்வி (ஆசிரியை, வெள்ளவத்தை): எங்கள் டீசல் ஜீப்பை மூன்று நாட்கள் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. பற்றரி மாற்றி எட்டு மாதங்களே ஆகின்றன. கராஜில், பற்றரிக்கு மின்னேற்றும் அல்டனேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அம்மா, அளந்து பார்க்காமல் மாற்ற வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை காட்டினால், அல்டனேற்றர் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். அப்படியிருந்தும் மூன்றாம் நாள் பற்றரி இறங்குகிறதென்றால், வண்டி நிற்கும்போது எங்கேயோ மின் கசிகிறது. 60 அம்பியர் மணி பற்றரியிலிருந்து அரை அம்பியர் கசிந்தாலே நாளொன்றுக்கு 12 அம்பியர் மணி போய்விடும்; மூன்று நாட்களில் 36 போனபின் மிஞ்சுவது டீசல் எஞ்சினைச் சுழற்றப் போதாது.

கசிவை அறிய, பற்றரியின் மறை (−) முனைக் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் இடையில் மின்னளவுக் கருவியான மல்டிமீற்றரை 10 அம்பியர் அளவில் தொடராக இணைக்க வேண்டும். கதவுகளைப் பூட்டியபின் அரை மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் கணினிகள் ஒவ்வொன்றாக அடங்க அவ்வளவு நேரம் எடுக்கும். அதன்பின் 50 மில்லி அம்பியருக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. மீற்றர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய முயன்றால் மீற்றரே எரிந்துவிடும். கசிவு கூடுதலாக இருந்தால், பியூஸ்களைக் கழற்றாமலேயே ஒவ்வொரு பியூஸின் மேலுள்ள இரு உலோகப் புள்ளிகளுக்கும் இடையில் மில்லி வோல்ற் அளவில் அளந்து பாருங்கள். எந்தப் பியூஸில் சிறு அளவேனும் காட்டுகிறதோ அந்தப் பாதையில் மின் ஓடுகிறது. பியூஸைக் கழற்றிச் செருகினால் அடங்கிய கணினிகள் விழித்துக்கொண்டு அளவைக் குழப்பிவிடும் என்பதால் இந்த முறையையே நான் விரும்புகிறேன்.

பிற்பாடு பொருத்திய கமராவும் அலாரமும்தான் பெரும்பாலும் காரணம். என் வண்டியிலும் ஒரு கடையில் பொருத்திய கமராவை, சாவியை எடுத்ததும் அணையும் பாதையில் இணைக்காமல் நிரந்தர மின்பாதையில் இணைத்திருந்தார்கள். அதை அறியாமல் ஒரு நல்ல பற்றரியை இழந்தேன். எல்லாவற்றுக்கும் பின்னரும் கசிவு தொடர்ந்தால், அல்டனேற்றரின் தடித்த கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அப்போது அளவு சட்டென விழுந்தால் உள்ளேயுள்ள, மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் பழுது. கராஜ்காரர் சொன்னது சரியென்று ஏற்றுக்கொள்ளலாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): காலி (Galle) வீதி நெரிசலில் வெப்பமானி ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது. ரேடியேற்றரை மாற்ற வேண்டுமா?

பதில்: தம்பி, ஓடும்போது இறங்குகிறதென்றால், காற்று கிடைக்கும்போது ரேடியேற்றர் குளிர்விக்கிறது, நிற்கும்போது காற்றைத் தர வேண்டிய விசிறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்விசிறி உள்ள வண்டியானால் ஏசியைப் போட்டதும் அது சுழல வேண்டும். சுழலாவிட்டால், விசிறிக்கு மின்னை இணைக்கும் சுவிட்சான ரிலேக்குப் பதிலாக அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை எடுத்து மாற்றிச் செருகிப் பாருங்கள். சில நிமிட வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறியானால், எஞ்சின் அணைந்து நன்றாக ஆறியபின் கையால் சுற்றுங்கள்: தடையின்றிப் பலமுறை சுழன்றால் நடுவிலுள்ள திரவக் கிளச் தேய்ந்துவிட்டது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் சேரும் தூசியையும் மெல்லிய நீரோட்டத்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அமுக்கம் நீங்கியதும் உள்ளேயுள்ள நீர் கொதித்து முகத்தில் பாயும்.

கேள்வி (தெஹிவளை): பின்கதவின் வைப்பரும் இலக்கத்தகடு விளக்கும் வேலை செய்வதில்லை. பியூஸ் அடிக்கடி போவதால் 15 அம்பியருக்குப் பதிலாக 30 போடலாமா?

பதில்: போடாதீர்கள். பியூஸ் காப்பது வயரை. 30 போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும். பின்கதவும் கூரையும் சேருமிடத்தில் உள்ள இறப்பர்க் குழாயை இழுத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் திறந்து மூடியதில் அதனுள் வயர்கள் வெடித்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். நன்கு வளையும் வயர்த் துண்டுகளைச் சேர்த்து ஈயப் பற்று வையுங்கள். வெறும் டேப் சுற்றினால் அடுத்த மழைவரைதான் தாங்கும்.

கேள்வி (வத்தளை): நுவரெலியாவிலிருந்து இறங்கி வந்தபின் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

பதில்: முன் பிரேக் டிஸ்க்குகளின் தடிப்பு சீரற்றுப் போயிருக்கக்கூடும். கடுஞ்சூட்டில் பிரேக்கை மிதித்தபடியே நின்றால் டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கை வாங்குமுன், டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்திலுள்ள துருவைச் சுரண்டி, சக்கர நட்டுகளை முறுக்குவிசை அளவியால் ஒரே அளவில் இறுக்கச் சொல்லுங்கள். இனி இறக்கத்தில் தாழ்ந்த கியரை நம்புங்கள்.

கேள்வி (கொலன்னாவை): வெள்ளம் இருக்கை அடிவரை ஏறியது. மூன்று நாட்களாகின்றன, இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

பதில்: மிக நல்ல காரியம் செய்தீர்கள். சாவியைக் கூடத் திருப்பாமல் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். காற்று வடிகட்டி நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் நீர் இருக்கக்கூடும். நீர் அமுங்காது என்பதால் ஸ்டார்ட் செய்த கணத்திலேயே பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும். டீசல் எஞ்சினில், சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளைக் கழற்றியபின் கையால் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் நீர் கலந்து பால் நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பொக்ஸ், டிபரன்ஷியல் எண்ணெய்களை எப்படியும் மாற்றுங்கள். இருக்கையடியிலுள்ள மஞ்சள் இணைப்புகள் எயார்பேக்குக்கு உரியவை. பற்றரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழியுமுன் அவற்றைத் தொடாதீர்கள். மேற்பரப்பு காய்ந்ததாகத் தோன்றினாலும் கம்பளத்தின் அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும், அதன் கீழேதான் வயரிங் ஓடுகிறது. ஆகவே இருக்கைகளைக் கழற்றி முழுக் கம்பளத்தையும் வெளியே எடுங்கள்.