படம் இருந்த இடம்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் வரும் நீண்ட கட்டுரைகளைச் சேமித்துவைத்து இரவில் கிண்டிலில் படிப்பது என் வழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை அப்படிச் சேமித்தேன். எழுத்து முழுதாக வந்தது. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டங்கள். இதற்கு நல்ல செயலி எது? எழுத்து வந்தால் போதாதா, படம் அலங்காரம்தானே என்கிறார் நண்பர். தவிர, சேமித்தவை நானூறைத் தாண்டிவிட்டன. என்றைக்குப் படித்து முடிப்பேன் என்று பயமாகவும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

நானூறைப் பற்றிய பயத்தை விடுங்கள். படிக்காத புத்தகம் ஒன்றுகூட இல்லாத வீட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

செயலி எதுவானால் என்ன? இன்று இருப்பது நாளை இருக்காது. பாக்கெட் என்ற சேமிப்புச் சேவை 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. கட்டுரையை ஈபப் கோப்பாக்கி உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈபப் என்பது எழுத்தையும் படத்தையும் ஒன்றாகக் கட்டிய ஜிப் மூட்டைதான். காலிபர் என்ற மின்நூல் மென்பொருளில் திறந்தால் படங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பல தளங்கள் நாம் உருட்டிக்கொண்டு கீழே வரும்வரை படத்தை அனுப்புவதில்லை. வெற்றுக் கட்டத்தை வைத்து இடம் பிடித்திருக்கும். நீங்கள் தலைப்பைப் பார்த்த ஜோரில் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அடிவரை ஒருமுறை போய்வந்து சேமியுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்குச் சண்டை உங்கள் நண்பரோடுதான். அலங்காரமாம்! 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி அந்தக் கோயிலின் உள்சுற்றுக்குள் போய், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். சுந்தரர் வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகிறார். சேரமான் பெருமாள் குதிரையில் போகிறார். கட்டுரை எழுதியவர் அந்தக் குதிரையைப் பாருங்கள் என்று கைகாட்டும்போது உங்கள் நண்பர் எதைப் பார்ப்பார்? கட்டத்தையா? கறுப்பு வெள்ளைக் கிண்டிலுக்குத் தெரிந்தது 16 சாம்பல் நிறங்கள்தான். காவியும் பச்சையும் அதில் ஒன்றுபோலாகிவிடலாம். ஆகட்டும், கோடு மிஞ்சும். அந்த ஓவியன் இழுத்த கோட்டைப் பார்க்கவாவது படம் வேண்டும்.

இந்த நோய் பழையது. கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த முகங்களோடுதான் வாசகர்கள் அதைப் படித்தார்கள். பிறகு வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் ஒரு படம்கூடக் கிடையாது. காகிதம் மிச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் அத்தை தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்ப்பவர். ஒரு தொடர் முடிந்ததும் கோணி ஊசியும் சணலும் எடுத்து உட்கார்ந்துவிடுவார். பழைய காலண்டர் அட்டை, மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார். ஓரங்களில் அந்த நீலம் கசிந்து நிற்கும். பைண்டரிடம் மட்டும் கொடுக்கமாட்டார். ஒருமுறை கொடுத்து, அவர் விளிம்பை வெட்டியபோது ஓவியரின் கையெழுத்தும் சேர்ந்து போய்விட்டதாம். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை தூங்கும் நேரம் பார்த்து, தைத்த புத்தகத்திலிருந்து ஓர் அரசகுமாரியைக் கத்தரித்து என் ஓவிய நோட்டில் ஒட்டிக்கொண்டேன். அவள் முதுகுப்பக்கம் அரைப்பக்கக் கதை இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் அத்தை புத்தகத்தைப் பிரித்தார். ஜன்னல்போல ஓட்டை, அதன் வழியே அடுத்த பக்கத்தின் வரிகள் தெரிந்தன. அடி நிச்சயம் என்று நின்றேன். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "காதைச் சேர்த்து வெட்டியிருக்கிறாயே, கழுதை" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரத்து இதழை யாரிடமோ இரவல் வாங்கி, போன அரைப்பக்கத்தைக் கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதி, தாளை ஓட்டையின்மேல் ஒட்டினார். கதையை மீட்டாயிற்று. உங்கள் நண்பராக இருந்தால் அதோடு எழுந்துபோயிருப்பார். அத்தை தாளைத் திருப்பி, படம் இருந்த பக்கத்தில் இப்படி எழுதினார்: "அரசகுமாரி, நந்தவனத்தில். படம் சின்னவன் நோட்டில், நான்காம் பக்கம்."

அந்தத் தஞ்சைக் கட்டுரையின் முகவரியை எனக்கு அனுப்புங்கள். படங்களோடு கட்டித் திருப்பி அனுப்புகிறேன். நண்பருக்கு அனுப்பமாட்டேன்.