டொரண்டோ வசந்தத்தைப் பத்தி கேட்ட தம்பிக்கு, மொதல்ல அந்த ஏரியப் பத்தி சொல்லிடுறேன்

வஅலைக்கும் ஸலாம் தம்பி. பனி உருகிருச்சே காக்கா (அண்ணே), சனி ஞாயிறுல வீட்டாளுகளக் கூட்டிக்கிட்டு எங்க போகலாம், செர்ரிப் பூ எங்க பார்க்கலாம், நாம கீழக்கரை ஆளுகதானே ஒண்டாரியோ ஏரியில இறங்கி ஒரு குளியல் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. முதல் ரெண்டுக்கும் பதில் சொல்ல ஆளு நிறைய இருக்கு. மூணாவதுக்கு நான் சொல்றேன், இறங்காதீங்க. ஜூன் முடியிற வரைக்கும் முழங்காலுக்கு மேல அந்தத் தண்ணி படவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்தத் தண்ணியில மாட்டுறதுல நீச்சல் தெரிஞ்சவனுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. தெரியாதவன் கரையிலயே நின்னுக்குவான். நமக்குக் கடற்கரை ஜெட்டிப் பாலத்துல இருந்து குதிச்சுப் பழக்கம், தென்கடல்ல கச்சான் காத்து அடிக்கும்போதே வல்லத்துல போய் வந்த ஊரு, இந்த ஏரியில அலைகூட சரியா இல்லையேன்னு தோணும். ஆனா நம்ம கடல் வருஷம் பூரா 28 டிகிரிய ஒட்டியே இருக்கும். இங்க ஏப்ரல் மே மாசத்துல வெளியில 20 டிகிரி வெயில் பளிச்சுன்னு அடிக்கும், தண்ணி 5, 6 டிகிரியில கெடக்கும். ஒண்டாரியோ ஏரியில ஆழமான இடம் 244 மீட்டர் தம்பி. அந்த ஆழத்தாலதான் குளிர்காலத்துலயும் அது முழுசா உறையறதில்ல, அதே ஆழத்தாலதான் வெயில் வந்தாலும் லேசுல சூடேறாது. உப்புத்தண்ணி நம்மளத் தூக்கிப் பிடிக்கிற அளவுக்கு இந்த நல்ல தண்ணி பிடிக்காது, அதையும் நெனப்புல வச்சுக்கங்க.

நான் இங்க வந்து இறங்குனது பிப்ரவரியில. ஸ்கார்பரோவுல ஒரு பேஸ்மெண்ட், நம்ம பக்கத்து பசங்க கூட்டமா ஒரே ரூம், ராத்திரி வேர்ஹவுஸ்ல பேக்கிங் வேலை, சூரியனப் பார்க்கிறதே அபூர்வம், யாரோ போட்டுக் கழிச்ச ஜாக்கெட்டு, அதுல ஜிப்பு வேலை செய்யாது. உம்மாகிட்ட போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சுருவேன். அப்படி ரெண்டு மாசம் கெடந்தவனுக்கு மொத வெயில் வந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். எல்லாருமா வுட்பைன் பீச்சுக்குப் போனோம். மணல், வெயில், நீலத்தண்ணி, ஊரு ஞாபகம் வந்து எல்லாருக்கும் பேச்சே இல்ல. கூட வந்த தொண்டிக்கார பையன், ஊருல எங்க எல்லாரையும் விட நல்லா நீந்துறவன், சட்டையக் கழட்டிட்டு ஓடிப் பாஞ்சுட்டான். மேல வந்தவனுக்கு மூச்சு விட முடியல. வாயத் தொறந்து தொறந்து இழுக்குறான், சத்தம் வரல, கையி அடிக்குது ஆனா ஆளு நகரல. கழுத்தளவு தண்ணிதான் தம்பி! நாங்க கையக் கோத்துக்கிட்டு இறங்கி இழுத்துப் போட்டோம். அரை மணி நேரம் பல்லு தந்தியடிச்சுது அவனுக்கு.

பக்கத்துல நாயோட நடந்துக்கிட்டு இருந்த வல்வெட்டித்துறைக்காரர் ஒருத்தர் ஓடி வந்து அவரு ஜாக்கெட்டக் கழட்டிப் போத்திவிட்டாரு. "தம்பி, இது எங்கட கடல் இல்ல, எங்கள மாதிரி நீந்தத் தெரிஞ்ச ஆக்கள்தான் இதுக்குள்ள சாகிறது"ன்னாரு. எதிர்க்கரையில பொறந்த மனுஷன், கடலப் பத்தி அவருக்குச் சொல்லித் தரவே வேண்டாம். இங்க வர்ற நம்ம ஊர்க்காரங்க சில பேரு ஈழத்துக்காரங்களோட ஒதுங்கியே இருக்காங்க, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்த ஊருல எனக்கு பஸ் ஏறுறதுல இருந்து வாடகைப் பத்திரம் வரைக்கும் சொல்லிக்கொடுத்தது அவங்கதான்.

அப்புறம்தான் விஷயத்தப் படிச்சேன். குளிர் தண்ணியில விழுந்தா 1-10-1ன்னு இங்க சொல்லிக்கொடுக்கிறாங்க. மொத 1 நிமிஷம் மூச்சு நம்ம பேச்சக் கேக்காது, அப்ப நீந்த நினைக்காம மிதந்துக்கிட்டு மூச்ச நிதானத்துக்குக் கொண்டு வரணும். அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் வேலை செய்யும், அதுக்குள்ள கரை ஏறணும். மயக்கம் வர்ற அளவுக்கு உடம்பு குளிர ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது விறைச்சுச் சாகுறதுக்கு முன்னாடியே மூச்சுத் திணறியோ கை ஓஞ்சோ முங்கிப் போறவங்கதான் அதிகம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தா அந்த மொத நிமிஷத்தத் தாண்டிரலாம். மே மாசம் கயாக்குன்னு சின்னத் துடுப்புப் படகு வாடகைக்கு எடுத்தாலும் அதைப் போட்டுக்கிட்டு ஏறுங்க, கால்ல போட்டு உக்கார்றதுக்கு இல்ல அது. பீச்சுல காவலுக்கு ஆள் போடுறதே ஜூன்ல இருந்துதான். பெரிய மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணியும் கலக்கும், கோடையிலகூட ரெண்டு நாள் விட்டுத்தான் இறங்கணும்.

ஏரிக்கரையில செங்குத்தா நிக்கிற மண்மேடு, ஸ்கார்பரோ பிளஃப்ஸ், பார்க்க அழகு, போங்க, ஆனா வேலியத் தாண்டி ஓரத்துக்கும் போகாதீங்க, செங்குத்துக்கு அடியிலயும் உக்காராதீங்க. பனி உருகி களிமண்ணு இளகிப் போயிருக்கும், சரியிற நேரமே இதுதான்.

செர்ரிப் பூவுக்கு ஹை பார்க். ரெண்டாம் நம்பர் சப்வேல ஹை பார்க் ஸ்டேஷன், கார் வேண்டாம், பூ உச்சத்துல இருக்கிறப்ப உள்ள விட மாட்டாங்க. ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம், அதுவும் ஒரு வாரம் நின்னாப் பெருசு, ஒரு மழையோட கொட்டிரும். போருக்கு அப்புறம் இடம் மாறி வந்த ஜப்பானிய கனடாக்காரங்கள இந்த ஊரு ஏத்துக்கிட்டதுக்கு நன்றியா டோக்கியோ மக்கள் 1959ல 2000 மரம் கொடுத்தாங்க. இடம் மாறி வந்த நாமளே அந்தக் கிளையப் புடிச்சு உலுக்கி பூ கொட்ட வச்சு வீடியோ எடுக்கிறதப் பார்த்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. உங்க பிள்ளைக்கு இப்பவே சொல்லி வைங்க.

டொரண்டோ தீவுக்குப் போற ஃபெர்ரி, மத்த பார்க்கெல்லாம் நீங்களே பார்த்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு, ஊருக்குள்ள வெயில்னு டீ சர்ட்டோட கிளம்பாதீங்க, ஏரிக்கரையில மார்கழி வாடை மாதிரி அடிக்கும். என் வீட்டுல பெரியவங்க சைஸ் லைஃப் ஜாக்கெட் ரெண்டும் பிள்ளை சைஸ் ஒண்ணும் சும்மா கெடக்கு. தண்ணிப் பக்கம் போற வாரம் மெசேஜ் போட்டுட்டு வந்து எடுத்துக்கங்க.