எச்ஐவி மாத்திரையை ஒழுங்காகப் போடும் என் அண்ணன், சிகரெட்டை மட்டும் ஏன் விட மறுக்கிறார்?

அண்ணனுக்குத் 'திமிர்' என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில்.

நானும் பாசிட்டிவ்தான். 2007இல் தெரிந்தது. நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அம்மா அந்த டம்ளரை மட்டும் ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

ஆனால் டீக்கடையில் நிற்கும்போது கிளீனர் பையன், "அண்ணே, ஒரு இழுப்பு" என்று என் கையிலிருந்த பாதி சிகரெட்டை வாங்கி இழுப்பான். அவனுக்கு விஷயம் தெரியாது. எச்சிலில் எச்ஐவி பரவாது என்று கவுன்சிலர் சொல்லியிருந்ததால் கொடுத்தேன். என் வாய் பட்டதை இன்னொருத்தன் வாயில் வைத்தான். அதற்காகவே டீக்கடைக்குப் போக ஆரம்பித்தேன். நாளுக்கு ஆறாக இருந்தது இரண்டு பாக்கெட் ஆனது.

சாக்குச் சொல்கிறான் என்பீர்கள். புகை கெடுதல் என்று எனக்குத் தெரியாதா? டிபி வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டும் விடவில்லை. எப்படியும் சாகத்தானே போகிறோம் என்ற நினைப்பு. பதற்றம் வந்தால் பற்றவைப்பேன், அடங்கும். அதில் பாதிப் பதற்றம் உடம்பில் நிகோடின் குறைவதால் வந்தது என்று விட்ட பிறகுதான் புரிந்தது.

2019இல் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்த்தார்கள். வைரஸ் தென்படவில்லை. டாக்டர் 2013இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றைச் சொன்னார்: சிகிச்சையில் இருப்பவர் புகைத்தால், எச்ஐவியால் குறையும் ஆயுள் சுமார் 5 வருடம், சிகரெட்டால் 12. எனக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. மகளுக்கு அப்போது 14. 12ஐக் கூட்டினால் 26. பஸ்ஸில் அதையே கூட்டிக்கொண்டு வந்தேன்.

சிகரெட்டை விட உதவும் எண் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், அந்த 1800112356க்குப் போன் செய்தேன். மூன்று முறை தோற்று, நான்காவதில் விட்டேன்.

பிறகு சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போனால், ஒரு தனியார் கிளினிக்கில் உண்மையைச் சொன்னதும் "டாக்டர் லீவு" என்றார்கள். டாக்டர் உள்ளே பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. அன்று சிகரெட் கடை வாசல் வரை போய், வாங்காமல் திரும்பினேன்.

அண்ணன் கண் விழித்த அரை மணிக்குள் பற்றவைக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் பழக்கம் முற்றியிருக்கிறது, எச்ஐவி மாத்திரை தரும் ஏஆர்டி டாக்டரிடமே சிகரெட்டை விடவும் மருந்து கேளுங்கள். யாரோடு நின்று பிடிக்கிறார் என்பதையும் பாருங்கள்.