நண்பர் போட்ட கணக்கில் ஒன்பது வாரங்களைக் காணவில்லை

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று ஆண்டுகளாக அலுவலக வேலையில் இருக்கிறேன். வேலை-விடுமுறை விசாவில் ஆஸ்திரேலியா போய், கிடைத்த வேலையைச் செய்துகொண்டே ஆறு மாதம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப ஆசை. ஆஸ்திரேலிய டாலரில் சொன்னால் கையில் 7,000 இருக்கிறது. கல்விக் கடன் தவணை மாதம் 150 போக, 600 டாலர் மிச்சம் பிடிக்க முடிகிறது. அங்கே போய்வந்த நண்பர், “மணிக்கு 25 டாலர் சம்பளம். ஆறு மாதத்தில் 24,000 டாலருக்கு மேல் பார்க்கலாம். குறைகிற தொகைக்குத் தனிநபர் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பு, வந்ததும் மொத்தமாக அடைத்துவிடலாம்” என்கிறார். அப்படிச் செய்யலாமா, ஐயா?

பதில்: போகலாம். கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம், இந்த மாதமே கிளம்பவும் வேண்டாம்.

உங்கள் நண்பர் பெருக்கலில் தவறு செய்யவில்லை. 2025 ஜூலை முதல் அங்கே தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். வாரம் 38 மணி நேரம், 26 வாரம் என்றால் 24,650 டாலர் வந்துவிடுகிறது. விமானம் இறங்கிய அன்று மாலையே வேலையில் சேர்ந்து, திரும்பும் விமானம் ஏறும் வரை ஒரு நாள்கூட ஓயாமல் உழைக்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஊர் சுற்றப் போகிறவருக்கு எப்படிப் பொருந்தும்?

வேலை தேடவும், வங்கிக் கணக்கு திறக்கவும், வரி எண் வாங்கவும் முதல் நான்கு வாரங்களை எடுத்து வையுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்த ஊருக்குப் போகும் இடைவெளிக்கு இரண்டு வாரம். கடைசி மூன்று வாரம் நீங்கள் ஆசைப்பட்ட சுற்றுலா. மீதி 17 வாரம்தான். அதிலும் உணவகம், பண்ணை, விடுதி போன்ற இடங்களில் தற்காலிக ஊழியருக்கு முழு 38 மணி நேரம் எல்லா வாரமும் கிடைக்காது. சராசரி 28 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். தற்காலிக ஊழியர்களுக்குப் பொதுவாக 25 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். விடுப்புச் சம்பளம் இல்லாததற்கு ஈடு அது. அதனால் மணிக்குச் சுமார் 31 டாலர். மொத்தம் 476 மணி நேரம், 14,756 டாலர்.

இதில் வரி 15 சதவீதம். அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு முதல் 18,200 டாலருக்கு வரி கிடையாது. வேலை-விடுமுறை விசாக்காரர்களுக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை; முதல் டாலரிலிருந்தே பிடித்துவிடுவார்கள். 45,000 டாலர் வரை இதே விகிதம்தான். அதுவும் உங்கள் முதலாளி இந்த விசாக்காரர்களை வேலைக்கு வைப்பவராக வரித்துறையில் பதிந்திருந்தால்தான். பதியாவிட்டால் பிடித்தம் கூடும். வரி எண்ணைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் 45 சதவீதம் போய்விடும். வரி எண்ணுக்கு வரித்துறை காசு வாங்குவதில்லை. “வாங்கித் தருகிறோம்” என்று கட்டணம் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

வரி போகக் கையில் வருவது ஏறக்குறைய 12,500 டாலர். பகிர்ந்து தங்கும் அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் வாரம் 450 என்று சிக்கனமாகப் போட்டாலும் 26 வாரத்துக்கு 11,700. மிச்சம் 800 டாலர். கடைசி மூன்று வாரச் சுற்றுலாவில் ஒரு படகுப் பயணம் போனால் அதுவும் காலி.

இதைப் படித்துவிட்டுச் சோர்ந்து போகாதீர்கள். ஆறு மாதம் இன்னொரு நாட்டில் வாழ்ந்துவிட்டு, போட்ட பணம் கரையாமல் திரும்பினால் என் கண்ணில் அது நல்ல பேரம். இந்த வரவைக் காட்டிக் கடன் வாங்கலாமா என்றால்தான் நான் மறுக்கிறேன். 800 டாலர் எந்தக் கடனையும் அடைக்காது.

இனி செலவுக் கணக்கு. விசா, போகும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு மூன்றுக்கும் சேர்த்து 1,800 டாலர் என்று வைக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கல்விக் கடன் தவணை எட்டு மாதத்துக்கு 1,200. ஆறு மாதப் பயணத்துக்கு எட்டு மாதத் தவணை எதற்கு என்று கேட்பீர்கள். திரும்பி வந்த மறுநாளே யாரும் சம்பளம் தரப்போவதில்லை. இதே காரணத்துக்காக, திரும்பும் டிக்கெட்டும் வந்த பிறகு இரண்டு மாதச் செலவுமாகச் சேர்த்து 2,000 டாலரைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டிவிடுங்கள். கிளம்பும்போது எல்லோரும் போகும் செலவைத்தான் எண்ணுகிறார்கள். என்னிடம் வந்து புலம்பியவர்களில் அதிகம் பேர் திரும்பி வந்த பிறகு மாட்டிக்கொண்டவர்கள்.

நான்காவது தொகை 5,000 டாலர். தொடக்கச் செலவுக்கு ஏறக்குறைய இவ்வளவு கையில் இருப்பதாக விசாவுக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். திரும்பும் டிக்கெட்டுக்கான பணம் இதற்கு மேல். நண்பரிடம் கைமாற்று வாங்கி, வங்கி அறிக்கை எடுத்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுக்கும் வித்தையைப் பலர் செய்கிறார்கள். அதிகாரியை ஏமாற்றலாம், விடுதி வாடகையை ஏமாற்ற முடியாது. மாம்பழ அறுவடையை நம்பி வடக்கே போன ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். பழம் பழுக்க இரண்டு வாரம் தாமதமானது. அந்த இரண்டு வாரத்தில் அவர் கேமராவை விற்றார்.

ஆக மொத்தம் 10,000 டாலர் வேண்டும். உங்களிடம் 7,000 இருக்கிறது. மாதம் 600 சேர்த்தால் ஐந்து மாதத்தில் குறை தீர்ந்துவிடும். ஐந்து மாதம் காத்திருந்தால் முடிகிற காரியத்துக்கு எதற்கு வட்டி?

வயது உங்களை விரட்டவில்லை. பொதுவாக 30 வயது முடியும் வரை விண்ணப்பிக்கலாம். பிரிட்டன், கனடா போன்ற சில நாட்டவருக்கு 35 வரை. 417, 462 என்று இரண்டு விசா வகைகள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்பதைப் பாஸ்போர்ட்தான் முடிவு செய்யும். சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றும் 462-ல் வருகின்றன. அதற்குப் பெரும்பாலும் மேற்படிப்பும் ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2024-ல்தான் கதவு திறந்தது, ஆண்டுக்கு 1,000 இடம், அதுவும் குலுக்கலில். குலுக்கலில் பெயர் வந்து விசாவும் கைக்கு வரும் முன் வேலையை விடுவதோ டிக்கெட் எடுப்பதோ கூடாது. விசா கிடைத்த பிறகு உள்ளே நுழைய 12 மாதம் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை வைத்து அறுவடைக் காலத்தையோ, ஜூன் முதல் செப்டம்பர் வரையான பனிச்சறுக்குக் காலத்தையோ பார்த்துப் போய் இறங்கலாம். முடிந்தால் அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அப்போது யோசிக்கலாம்.

பண்ணை வேலை கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பறிக்கும் பழத்துக்கு ஏற்பக் கூலி என்பார்கள். 2022 ஏப்ரல் முதல், தோட்டக்கலைப் பண்ணைகளில் அப்படி வேலை செய்பவருக்கும் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதம் உண்டு. எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று தினமும் நீங்களே குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டு தர மறுப்பவரிடமும், வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரிடமும் ஒரு நாள்கூட நிற்க வேண்டாம்.

கடைசியாக, பலர் விட்டுவிட்டு வரும் பணம். சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி உங்கள் பெயரில் ஓய்வுக்கால நிதியில் கட்ட வேண்டும். அங்கே அதைச் சூப்பர் என்பார்கள். நான் போட்ட கணக்கின்படி சுமார் 1,770 டாலர். நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டு வாங்கலாம், ஆனால் இந்த விசாக்காரர்களுக்கு 65 சதவீதம் வரி. மிஞ்சுவது 620 டாலர் அளவுக்குத்தான். அதற்கும் விசா முடிந்திருக்க வேண்டும். நீங்கள் ஆறு மாதத்தில் திரும்புகிறீர்கள், விசாவோ 12 மாதத்துக்கு. ஒன்று அது காலாவதியாகும் வரை பொறுக்க வேண்டும், அல்லது நீங்களே எழுதிக் கொடுத்து ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு முதலாளியும் தனித்தனி நிதியில் கணக்கு திறக்க விடாமல், முதலில் திறந்த கணக்கின் விவரத்தையே எல்லோரிடமும் கொடுங்கள். அந்த உறுப்பினர் எண்ணைப் பாஸ்போர்ட் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.