கம்பெனிகள் கையில் ரொக்கம் ஏறினால் ஆலைகளுக்கு நல்ல காலமா?

கேட்டவர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாக்காரர். உற்பத்திக் கம்பெனிகளின் ரொக்கமும் முதலீடும் கூடினால் இந்தப் பக்கம் வேலை கூடுமா என்பது கேள்வி. ரப்பர் கையுறைக் கம்பெனிப் பங்கு கொஞ்சம் வைத்திருப்பார் போலிருக்கிறது.

கூடும் என்று நம்பாதீர்கள். பணம் எவ்வளவு என்பதை விடுங்கள், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் மூலப்பொருள் வாங்குவதைக் குறைக்கும். கிடங்குச் சரக்கு விற்றுத் தீரும், பழைய பாக்கி வசூலாகும். இதெல்லாம் பேங்கில் போய் நிற்கும். வியாபாரம் சுருங்கும்போதே கணக்கு கொழுத்துத் தெரிவது இப்படித்தான். ஆர்டர் குவிந்தாலோ கையுறையின் மூலப்பொருளான லேடெக்சுக்கும் புது உற்பத்தி லைனுக்கும் பணம் ஓடிவிடும். 2020 மார்ச்சில் அமெரிக்கக் கம்பெனிகள் பல, பயத்தில் பேங்க் கடனை எடுத்து ரொக்கமாக அடுக்கி வைத்தன. அங்கேயும் ரொக்கம் ஏறியது!

உங்கள் ஊரையே பாருங்கள். 2023 மே மாதம் பெஸ்தாரி ஜெயா ஆலையை நிறுத்தி, உற்பத்தியைச் செப்பாங் ஆலையில் சேர்ப்பதாகக் கையுறைக் கம்பெனி ஹார்த்தலேகா அறிவித்தபோது, அதன் கையில் கடனைவிட ரொக்கமே அதிகம். (குறை சொல்லவில்லை. உலகம் முழுக்கக் கையுறை தேங்கிக் கிடந்த நேரம் அது.)

பூர்சா (மலேசியப் பங்குச்சந்தை) தளத்தில் காலாண்டு அறிக்கையைத் திறங்கள். ஒரு கம்பெனியிடம் ரொக்கம் 40 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்), பிக்சட் டெபாசிட் 60, பணச்சந்தை நிதி (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் நிதி) 30 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 130. குறுகிய காலக் கடன்பொறுப்பு, அதாவது ஒரு வருஷத்துக்குள் கட்டவேண்டியது, 100 என்றால் விகிதம் 1.3. ஆனால் டெபாசிட்டில் 25 பேங்குக்கு அடகு என்று அறிக்கையின் பின்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். கழித்தால் 1.05 தான். போன வருஷம் இதே காலாண்டைவிடச் சரக்கு 70லிருந்து 50க்கும், வரவேண்டிய பாக்கி 80லிருந்து 60க்கும் இறங்கியிருந்தால், இந்த இரண்டிலும் சேர்த்து 40 மில்லியன் வந்தது லாபத்தால் அல்ல, சுருங்கியதால்.

முந்திய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். போனஸ், டிவிடெண்ட் எல்லாம் குழப்பும். ஆண்டு முடிவில் சப்ளையர் பணத்தை இரண்டு வாரம் இழுத்தாலே ரொக்கம் அழகாகிவிடும், ஆகவே கொடுக்கவேண்டிய பாக்கியையும் பாருங்கள். டாலரில் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளி விழுந்தாலே தொகை ஏறும். பணப்போக்கு அறிக்கையின் அடியில் அதற்குத் தனி வரி உண்டு.

வேலை கூடுமா என்பதற்கு அருகில் வரும் எண், ஒப்பந்தம் போட்டு இன்னும் செலவழிக்காத மூலதனச் செலவு. அதுவும் குறிப்பில்தான். ரொக்கமும் இதுவும் சேர்ந்து ஏறினால் கொஞ்சம் நம்பலாம்.

இதே விகிதத்தை அமெரிக்காவில் மொத்த உற்பத்தித் துறைக்கும் கணக்கிடுகிறார்கள். 1947லிருந்து வரும் காலாண்டு நிதி அறிக்கை அது, இப்போது சென்சஸ் பீரோ வெளியிடுகிறது. காலாண்டு முடிந்து ஏறக்குறைய 75 நாள் கழித்துத்தான் வரும். பூர்சாவில் கெடு இரண்டு மாதம். இரண்டுமே பழைய செய்திதான். பணச்சந்தை நிதியை ரொக்கத்தோடு சேர்க்கலாமா என்று கணக்காளர் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மூன்று மாதத்துக்குள் முதிர்வதைத்தான் ரொக்கத்துக்குச் சமமாகக் கொள்ளலாம் என்ற விதி எனக்கும் தெரியும். இங்கே பார்ப்பது நினைத்தவுடன் எடுக்கக்கூடிய பணம்.

இதையெல்லாம் கேட்கவேண்டிய இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். நம் ஆட்கள் அங்கே கேட்பதோ, கூட்டத்துக்கு வருபவர்களுக்குத் தரும் அன்பளிப்பு வவுச்சர் இந்த வருஷம் எத்தனை வெள்ளிக்கு என்றுதான்.